போட்டோவுக்குக் கீழே நான் எழுதிய ஒரு வரி

பனியன் கம்பெனிகளில் பர்சனல் ஆபீசராக இருக்கும் இளையவர்கள் சிலர் சென்ற மாதம் ஒரு கூட்டம் போட்டு, ஓய்வு பெற்ற என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கேட்டில் முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகும் மெஷின் இப்போது வந்துவிட்டது. வேண்டாத ஆட்களின் முகத்தையும் அதில் ஏற்றி வைக்கலாமாம். அந்த முகம் வந்து நின்றால் சிவப்பு விளக்கு எரியும், செக்யூரிட்டி வாயைத் திறக்க வேண்டியதில்லை. இதை விளக்கிச் சொன்ன பெண் என் பக்கம் திரும்பி, "மெஷின் இல்லாத காலத்துல, ஒரு ஆளு சரியில்லைன்னு பாத்ததுமே எப்படிங்க சார் கண்டுபிடிச்சீங்க?" என்றாள். எல்லாரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் பொதுவாக ஏதோ பேசி, வடையும் காபியும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்று அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நான் குன்னத்தூர்க்காரன். பட்டப்படிப்பை முடித்துத் திருப்பூருக்கு பஸ் ஏறிய காலத்தில் டைம் கீப்பர் வேலை என்றால் ஒரு ஸ்டூலும் ஒரு பெரிய நோட்டும்தான். மூன்று கம்பெனிகளில் அட்டையில் முத்திரை குத்தினேன், லீவு எழுதினேன், வராதவர்களைத் தேடி ஆள் அனுப்பினேன். நான்காவதாக வீரபாண்டிப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே பர்சனல் ஆபீசராகி, அங்கேயே தலை நரைத்தேன். தொழில் ரகசியம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆளின் பெயர், ஊர், வந்த தேதி, போன தேதி, போன காரணம். ரெஜிஸ்டரில் இந்த ஐந்து கட்டங்களை நிரப்பத் தெரிந்தால் போதும். கடைசிக் கட்டத்தை எவ்வளவு யோசித்து நிரப்ப வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகவும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் மேனேஜர் நாச்சிமுத்து குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கூட்டிப் பெருக்குகிறவரைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். ஒருவரை வேலையை விட்டு அனுப்பும்போதும் அதே மரியாதைதான். உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஊரில் மழை உண்டா, அம்மாவுக்கு உடம்பு தேவலையா என்று விசாரித்து, கடைசியில் "ஊட்டுக்குப் போயிட்டு வாங்க, சொல்லி அனுப்பறனுங்க" என்பார். சொல்லி அனுப்பவே மாட்டார். அந்த ஆளும் வணக்கம் வைத்துவிட்டுத்தான் எழுந்து போவார். கேட்டைத் தாண்டிய பிறகுதான் வேலை போனது உறைக்கும். கடுமையான சொல் எதுவும் மேனேஜர் வாயிலிருந்து வந்ததில்லை. அந்தச் சொற்களை எழுதுவதற்குத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

கேட் சோதனையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷிப்ட் விட்டதும் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பையைத் திறந்து காட்ட வேண்டும், சாப்பாட்டு வாளியின் மூடியைக் கழற்றிக் காட்ட வேண்டும், கையை விரித்து நிற்க வேண்டும். செக்யூரிட்டி தோளிலிருந்து முட்டி வரை தடவிப் பார்த்து அனுப்புவார். உள்ளே செக்கிங் மேஜையில் பெண்கள் ஒவ்வொரு பீஸாக விரித்துப் பார்ப்பார்கள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவார்கள். சரிசெய்ய முடியாத பீஸைக் கத்திரியால் நடுவில் ஒரு வெட்டு வெட்டி வேஸ்ட் மூட்டையில் போட வேண்டும். வெட்டு விழுந்துவிட்டால் அது வெறும் துணி. மெஷின் துடைக்கவோ சாப்பாட்டு வாளியைச் சுற்றவோ யாரும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டில் கேள்வி கிடையாது. வெட்டு விழாதவரை அது வெளிநாட்டுக்காரனின் சரக்கு. உள்ளே தலையை நுழைக்கிற அளவுக்கு ஓட்டை இருந்தாலும் சரக்குதான்.

தங்கராசு மடத்துக்குளத்துக்காரர். எங்களிடம் நான்கு வருடமாக பேட்லாக் டெய்லராக இருந்தார், அதாவது பனியனின் அடி ஓரத்தை மடித்து அடிப்பவர். அப்போது முப்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும். மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்துத் தாளில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்போம். மற்ற டெய்லர்கள் இதற்கு அலுத்துக்கொள்வார்கள். தங்கராசு காந்தத்தை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார், கடைசித் துணுக்கு கிடைக்கும்வரை எழமாட்டார். அவர் குணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அதுவே நிறைய என்று பின்னால் பட்டது.

ஒரு சாயங்காலம் ஐந்தரை மணிக்கு செக்யூரிட்டி அவரைத் தனியாக நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். சாப்பாட்டு வாளியைச் சுற்றி ஒரு பீஸ் இருந்தது. சின்னப் பெண் குழந்தை போடுகிற ரோஸ் கலர் பனியன். அக்குளில் ஓட்டை, அதன் பக்கத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர். ஆனால் வெட்டு இல்லை.

"வாளி கசியுதுங்க சார். கொழம்பு பையெல்லாம் ஆயிருது. அதான் சுத்திக்கிட்டனுங்க" என்றார் தங்கராசு.

"வெட்டாத பீஸுங்களே இது?"

"நான் பாக்கலீங்க. செக்கிங்ல குடுத்தாங்க, வாங்கிச் சுத்திக்கிட்டேன்."

செக்கிங் மேஜையில் கேட்டால் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கெட்ட நேரம், அதே ரகத்தில் நாற்பது பீஸ் குறைகிறது என்று அன்று காலையில்தான் பேக்கிங்கிலிருந்து புகார் வந்திருந்தது. அதற்கும் மேல், தங்கராசுவுக்கு ஒன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் குழந்தை உண்டு என்பது எனக்குத் தெரியும். ரோஸ் கலர் பனியனையும் அந்தக் குழந்தையையும் என் மனசு தானாகவே சேர்த்துப் பார்த்துக்கொண்டது.

மேனேஜர் அறையில் டீ வந்தது, மழை விசாரிக்கப்பட்டது. தங்கராசு போன பிறகு நான் ரெஜிஸ்டரைத் திறந்து, "காரணம் என்னன்னு எழுதட்டுங்க சார்?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததுங்களா? நாற்பது பீஸும் ஒரு வழியாத்தான போயிருக்கும். பாத்து எழுதிக்கங்க" என்றார் நாச்சிமுத்து. சொல்லிவிட்டுப் பேனாவைத் திருப்பி, பிடிக்கும் பக்கமாக என்னிடம் நீட்டினார்.

நான் "திருட்டு" என்று எழுதினேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ரெஜிஸ்டரை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அக்கம்பக்கத்துக் கம்பெனிகளின் பர்சனல் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். குடித்துவிட்டு அடிதடி செய்தவர், பெண்களிடம் தவறாக நடந்தவர் என்று ஆட்களின் போட்டோ அதில் வரும். அன்று மாலையே தங்கராசுவின் அடையாள அட்டையைப் போட்டோ பிடித்து, "பீஸ் திருடியவர். கவனம்." என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். பஸ் ஏறுவதற்குள் பத்துப் பதினைந்து பேர் கட்டை விரல் உயர்த்தியிருந்தார்கள். ஒருவர் "நன்றி அண்ணா, உஷார் பண்ணிட்டீங்க" என்று போட்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இது பாதி உண்மைதான்.

மூன்றாவது வாரம் நாற்பது பீஸும் கிடைத்தன. பிரிண்டிங்குக்குப் போன இடத்தில் வேறு கம்பெனியின் மூட்டையோடு கலந்து, ஒரு மூலையில் கிடந்தனவாம். கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மூட்டை வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, செக்கிங்கில் இருந்த சரஸ்வதி என் அறை வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத பெண்மணி.

"சார், அந்தப் பனியனை நாந்தானுங்க குடுத்தேன். அன்னிக்குக் கத்திரி சாணைக்குப் போயிருந்துச்சு. வெட்டாமக் குடுத்துட்டேன். அவரு பாக்கக்கூட இல்லீங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நாற்பது பீஸையும் என்ற தலைல கட்டிருவீங்கன்னு பயந்துட்டேன். வெசனத்துல சோறே எறங்கறதில்லீங்க."

அவரைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? மேனேஜரிடம் ஓடினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லதாப் போச்சுங்க, பீஸ் கெடைச்சுது. ஆனா இப்ப அவரைக் கூப்பிட்டா, நாம பொய்ப்பழி போட்டம்னு ஆயிருமில்லீங்க? நாளைக்கு லேபர் ஆபீஸ் அது இதுன்னு வரும். நீங்களே பாத்துப் பண்ணுங்க."

நான் பார்த்துப் பண்ணினேன். ரெஜிஸ்டரில் வெள்ளை பூசக்கூடாது என்பது விதி. ஆகவே "திருட்டு" மேல் ஒரு கோடு போட்டு அடித்தேன். எழுத்து கோட்டுக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தது. குழுவில் "முன்பு அனுப்பிய தங்கராசு விஷயம் தவறு, அவர் மேல் குற்றம் இல்லை" என்று போட்டேன். ஒரு கட்டை விரலும் எழவில்லை. போட்டோ இல்லாத செய்தியை யார் நின்று படிக்கிறார்கள்? அடுத்த நிமிடம் யாரோ விசேஷ நாள் வாழ்த்து போட, பூவும் விளக்குமாக வரிசையாக வந்து என் செய்தி மேலே போய்விட்டது.

அதன் பிறகு ஒரு நாள் தங்கராசு என்னைத் தேடி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நான்கு கம்பெனிகளில் சேர்ந்தாராம். எல்லா இடத்திலும் இரண்டு நாள், மூன்று நாள், அதன் பிறகு அதே "ஊட்டுக்குப் போயிட்டு வாங்க" தான்.

"ஏன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க சார். ஒரு செக்யூரிட்டிதான் போனைக் காமிச்சாரு. என்ற போட்டோங்க. கீழ நீங்க எழுதுனது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பீஸ் கிடைத்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று சமாதானம் சொன்னேன்.

"சரியாச்சுன்னா ஒரு லெட்டர் குடுங்க சார். கம்பெனி தாள்ல, இவரு திருடலைன்னு ரெண்டு வரி. அதைக் காட்டிப் பொழைச்சுக்குவேன். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

நியாயமான கோரிக்கை. இரண்டு வரி எழுத இரண்டு நிமிடம் போதும். கையெழுத்துப் போட எனக்கு அதிகாரமும் உண்டு. ஆனால் அந்தத் தாள் மேனேஜர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு. மகளின் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். "நாளைக்கு வாங்க" என்றேன். மறுநாள் வந்தார், மேனேஜர் ஊரில் இல்லை என்றேன். மூன்றாம் நாளும் வந்தார். நான் மீட்டிங்கில் இருப்பதாகச் செக்யூரிட்டியை விட்டுச் சொல்ல வைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மத்தியானம் வரை நின்றார். அப்புறம் போய்விட்டார். நான்காம் நாள் வரவில்லை. விட்டது தொல்லை என்று மூச்சு விட்டேன், அப்படிப்பட்டவன் நான்.

அதன் பிறகு நடந்தது பெரும்பாலும் சரஸ்வதி சொல்லித் தெரிந்ததுதான். அவரும் தங்கராசுவும் ஒரே லைன் வீட்டுக் காம்பவுண்டில் குடியிருந்தார்கள். தங்கராசு தன் தம்பியின் ஆதார் அட்டையைக் காட்டி ஒரு கம்பெனியில் சேர்ந்தார். இரண்டு மாதம் நல்லபடியாக ஓடியது. குழுவில் இருந்த யாரோ முகத்தை ஞாபகம் வைத்திருந்து பிடித்துவிட்டார்கள். இந்தத் தடவை குழுவில் வந்த போட்டோவுக்குக் கீழே இரண்டு விஷயம் இருந்தது: திருட்டு, போலி ஆதார். முதலாவது பொய், இரண்டாவது உண்மை. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது நடந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

காம்பவுண்டில் ஒரு வீட்டில் குக்கர் காணாமல் போனால் முதலில் தங்கராசு வீட்டைத்தான் எட்டிப் பார்த்தார்களாம். அவர் மனைவி மரகதம் வேறு கம்பெனியில் அயர்ன் பிரிவில் இருந்தார். சாப்பிடப் போகும்போது மற்ற பெண்கள் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லி அழுதாராம். தங்கராசு காலையில் வேலைக்குப் போகிற மாதிரி வாளியோடு கிளம்பி, பழைய பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் திரும்புவார். வாளி காலியாகத்தான் வரும், சோற்றை அங்கேயே சாப்பிட்டிருப்பார். மரகதத்துக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்.

கடைசியில் தங்கராசுவுக்கு ஒரு இடத்தில் வேலை கிடைத்தது. ஓட்டைப் பனியன், மிச்சப் பனியன் வாங்கி விற்கிற ஒருவர், திருட்டுச் சரக்கும் வாங்குவார் என்று ஊருக்கே தெரிந்தவர், தானாகவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேனுங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தாராம். அத்தனை கேட்டுகளிலும் அவரைத் திருப்பி அனுப்பிய அந்த ஒரு வரி, அந்த இடத்தில் மட்டும் அவருக்குச் சிபாரிசு ஆகிவிட்டது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், பக்கத்துக் கம்பெனியின் பர்சனல் ஆபீசர் ஒரு நாள் காலையில் போன் செய்தார். அவர்கள் குடோனிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கை டெம்போவில் ஏற்றும்போது கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்களாம், ஆள் தங்கராசு. போலீசில் பழைய விவரம் கேட்கிறார்கள், ரெஜிஸ்டரோடு வர முடியுமா என்றார். "நீங்க அப்பவே போட்டிருக்கீங்க சார். நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம். சூப்பர் சார்" என்றும் சொன்னார். மேனேஜரிடம் கேட்டேன். "போயிட்டு வாங்க. நம்ம கம்பெனி பேரு கெடாமப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ஸ்டேஷனில் தங்கராசு சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வணக்கம்கூட வைத்தார்.

"ஏனுங்க தங்கராசு, எதுக்கு இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அவருக்குக் கோபமே வரவில்லை. "அன்னிக்கு இல்லை இல்லைன்னு எத்தனை பேருகிட்டச் சொல்லியிருப்பேன் சார். ஒருத்தரும் காதுல வாங்கலீங்க. இன்னிக்கு ஆமான்னு ஒருக்காச் சொன்னேன், ஒடனே நம்பிட்டாங்க" என்றார். பிறகு, "நீங்க வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கீங்க, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்றார்.

அங்கிருந்த ஏட்டு ரெஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். சரியான பக்கத்தில் விரலை வைத்து, "திருட்டுன்னு எழுதி அடிச்சிருக்கே, ஏன்?" என்று கேட்டார். நல்ல மனுஷர், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தால் போதும். இப்போது செய்தது செய்ததுதான், ஆனால் முன்பு செய்யாதவர் என்று ஒரு இடத்திலாவது எழுத்தில் ஏறியிருக்கும். தங்கராசு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கம்பெனிக்காரர் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"அப்புறம் விசாரிச்சோமுங்க. ஆனா திரும்ப வேலைக்கு எடுக்கலீங்க" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அப்ப பழைய கை தானே" என்றபடி ஏட்டு எழுத ஆரம்பித்தார். நான் மறுக்கவில்லை. எழுதி முடித்து அவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தங்கராசு மறுபடி தரையில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் கிளம்பும்போது என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் மதில் நிழலில் மரகதம் நின்றிருந்தார். வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்திருக்க வேண்டும், கழுத்தில் கம்பெனி அட்டை அப்படியே தொங்கியது. என்னை அடையாளம் கண்டுகொண்டு கிட்டே வந்தார்.

"சார், நீங்க வந்துட்டீங்களா! சரசக்கா எல்லாம் சொன்னாங்க. அன்னிக்கு அவரு எடுக்கலைன்னு உங்களுக்குத்தான் தெரியுமில்லீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க. உள்ள சொல்லிட்டீங்களா சார்?"

ரெஜிஸ்டரை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"சொல்லிட்டேன் அம்மிணி" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்று இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.